பிள்ளைகளுக்காகப் பேனா எடுத்த தாய்

ஜெர்மனி நாட்டின் ஹாம்பர்க் துறைமுக நகரம். 1691-ஆம் ஆண்டு. ஊர் உறங்கிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டின் தலைவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கண்ணை மூடியபோது வீட்டில் கல்யாணமாகாத பிள்ளைகள் 8 பேர். பகலெல்லாம் வியாபாரம், வரவு செலவு, பிள்ளைகளின் பாடு என்று அந்தத் தாய்க்குப் பொழுது போய்விடும். இரவு வந்தால்தான் துக்கம் நெஞ்சை அடைக்கும். தூக்கம் வராது.

அப்படிப்பட்ட ஓர் இரவில் அவர் இறகுப் பேனாவைக் கையில் எடுத்தார். தம் பிள்ளைகளுக்குத் தம் கதையை எழுதத் தொடங்கினார்.

அவர் பெயர் கிளிக்கெல். யூத குலத்துப் பெண்மணி. அவர் ராணி அல்ல. பண்டிதரும் அல்ல. முத்தும் பொன்னும் வாங்கி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய விதவை. 14 பிள்ளைகளைப் பெற்றவர். ஊர் படிக்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை. தம் பிள்ளைகள் தாங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

ஆனால் 300 ஆண்டுகளுக்குப் பிறகும் உலகம் அந்தக் கதையைப் படிக்கிறது.

ஊரை விட்டு விரட்டினார்கள்

கிளிக்கெல் ஹாம்பர்கில் 1646-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தார். தகப்பனார் வைர வியாபாரி. யூத சமூகத்தின் பெரிய மனிதர்களில் ஒருவர். பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று பலர் கேட்ட காலம் அது. அவரோ தம் பெண்களுக்கு வேதப் படிப்பும் உலகப் படிப்பும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

கிளிக்கெலுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. ஜெர்மன் யூதர்கள் ஹாம்பர்கை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் பக்கத்து ஊரான ஆல்டோனாவுக்குப் போயின. அந்த ஊர் டென்மார்க் அரசருக்குச் சொந்தமானது. அங்கே யூதர்கள் வாழலாம்.

ஆனால் பிழைப்பு ஹாம்பர்கில்தான். நகருக்குள் போய் வர அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குப் பணம் கட்ட வேண்டும். பணம் இல்லாத ஏழைகள் திருட்டுத்தனமாக நுழைவார்கள். பிடிபட்டால் சிறைதான். சீட்டு வைத்திருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. வழியில் முரடர்கள் வைவார்கள், அடிப்பார்கள்.

காலையில் தொழுகை முடித்து ஆண்கள் புறப்பட்டுப் போவார்கள். மாலையில் கோட்டைக் கதவு சாத்துவதற்குள் திரும்ப வேண்டும். அதுவரை பெண்கள் வாசலைப் பார்த்தபடியே இருப்பார்கள். கணவன் முழு உடம்போடு வீடு வந்து சேர்ந்தால் கடவுளுக்கு நன்றி சொல்வார்கள்.

வெளியே போனவர் திரும்பி வருவாரா என்ற பயம் கிளிக்கெலுக்குக் குழந்தைப் பருவத்திலேயே பழகிவிட்டது. சில ஆண்டுகள் கழித்துத்தான் அவர்கள் குடும்பம் மறுபடியும் ஹாம்பர்கில் குடியேற முடிந்தது.

14 வயதில் மணப்பெண்

12 வயதில் கிளிக்கெலுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. 14 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் ஹயீம். ஹாமெல்ன் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். குழல் ஊதி எலிகளையும், பிறகு குழந்தைகளையும் அழைத்துப் போனவனைப் பற்றிய பழங்கதை இருக்கிறதே, அந்தக் கதையில் வருவதும் இதே ஊர்தான்.

பெரிய நகரத்தில் வளர்ந்த பெண் அந்தச் சிற்றூரில் ஓராண்டு வாழ்ந்தார். உற்றார் உறவினர் பக்கத்தில் இல்லை. ஆனால் மாமனாரும் மாமியாரும் தங்கமான மனிதர்கள். கணவரோ அதைவிட மேல். ஓராண்டு முடிந்ததும் இளந்தம்பதிகள் ஹாம்பர்குக்கு வந்தார்கள்.

ஹயீம் பழைய பொன்னும் முத்தும் வாங்கி விற்கும் வியாபாரம் தொடங்கினார். காலையிலிருந்து இரவு வரை தெருத்தெருவாக அலைவார். எந்தக் காரியமானாலும் மனைவியிடம் யோசனை கேட்காமல் செய்ய மாட்டார். கிளிக்கெல் சிறு பெண்தான். ஆனாலும் அவர் புத்தியை ஹயீம் மதித்தார்.

ஓர் அறையில் இரண்டு குழந்தைகள்

கிளிக்கெலுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. சிப்போரா என்று பெயர் வைத்தார்கள். எபிரேய மொழியில் சிப்போரா என்றால் பறவை என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் கிளிக்கெலின் தாயாருக்கும் ஒரு குழந்தை பிறந்தது. தாயும் மகளும் ஒரே அறையில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தார்கள். இந்த அதிசயத்தைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. சின்ன அறை. குளிர்காலம். வருவோர் போவோரால் இருவருக்கும் ஓய்வே இல்லை.

ஒரு நாள் இரவு தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள் இடம் மாறிவிட்டன. தாயார் விழித்துப் பார்த்தார். தம் குழந்தையைக் காணோம்! அலறிவிட்டார். வேலைக்காரி ஒரு பக்கம் ஓடினாள். கிளிக்கெல் தம் பக்கத்தில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். அது தம்முடையது அல்ல, தம் தாயாருடையது!

எந்தக் குழந்தை யாருடையது என்று தெரிந்ததும் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் வழக்காடியபோது சாலமோன் மன்னர் தீர்ப்புச் சொன்ன கதையை யூதர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்த வழக்கு இந்த வீட்டுக்கும் வந்துவிடும்போல் இருந்தது என்று பிற்காலத்தில் கிளிக்கெல் வேடிக்கையாக எழுதினார்.

ஆனால் அதே சிப்போராவுக்காக அவர் இரத்தக் கண்ணீர் வடிக்கும் நாளும் வந்தது.

பிளேக் பயம்!

1664-ஆம் ஆண்டு வாக்கில் ஹாம்பர்கில் பிளேக் என்னும் கொள்ளை நோய் பரவியது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி வரும். வந்தால் பெரும்பாலும் சாவுதான். வசதி உள்ளவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள்.

ஹயீமும் கிளிக்கெலும் குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஹாமெல்னுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஹானோவர் நகரம். அங்கே ஹயீமின் நெருங்கிய உறவினர்கள் இருந்தார்கள். யூதர்களின் பண்டிகைக் காலம் வந்துவிட்டது. பண்டிகை முடிந்து போகலாம் என்று அவர்கள் வீட்டில் தங்கினார்கள்.

சிப்போராவுக்கு அப்போது 4 வயது. துறுதுறுவென்று ஓடி விளையாடும் குழந்தை.

ஒரு நாள் காலை கிளிக்கெல் குழந்தைக்கு உடை உடுத்திக்கொண்டிருந்தார். கையைத் தூக்கியதும் குழந்தை முகம் சுளித்தாள். அக்குளில் வலிக்கிறது என்றாள். பார்த்தால் அங்கே ஒரு சிறு புண்.

கிளிக்கெல் பதறவில்லை. கணவருக்கும் அதற்குச் சில நாள் முன்பு ஒரு புண் வந்திருந்தது. ஊர் நாவிதர் பிளாஸ்திரி போட்டுக் குணப்படுத்தியிருந்தார். அக்காலத்தில் புண்ணுக்கு மருந்து போடுவதும் நாவிதர்தான். அந்த நாவிதர் வீடு எங்கே என்று கணவரிடம் கேட்டு, குழந்தையை அங்கே அழைத்துப் போகும்படி வேலைக்காரியிடம் சொன்னார்.

கணவர் ஜெப ஆலயத்தில் இருந்தார். வேலைக்காரி அங்கே போனாள். பெண்கள் பகுதியில் இருந்த உறவுக்காரப் பெண்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். அவள் கள்ளம் கபடம் இல்லாமல் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

ஹாம்பர்கிலிருந்து வந்தவர்கள். குழந்தைக்கு அக்குளில் புண். வேறு என்ன வேண்டும்? பெண்கள் நடுங்கிப் போனார்கள்.

போலந்து நாட்டிலிருந்து வந்த ஒரு கிழவியும் அங்கே இருந்தாள். இப்படி எத்தனையோ பார்த்தவள் நான், நானே போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்து போனாள். குழந்தையைப் பார்த்தாள். திரும்பி ஓடி வந்தாள். இது பிளேக்தான், தப்பிக்க முடிந்தவர்கள் தப்பித்துக்கொள்ளுங்கள் என்று கூச்சல் போட்டாள்.

வேலைக்காரியும் குழந்தையும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஆகிவிட்டது.

கிளிக்கெலும் ஹயீமும் மன்றாடினார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அவள் வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டு தெருவில் ஓடி விளையாடுவதைக் காட்டினார்கள். பிளேக் வந்த குழந்தை இப்படியா துள்ளும்?

உறவினர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. அவர்களுக்கும் குழந்தைகள் இருந்தன. அதற்கும் மேலே இன்னொரு பயம் இருந்தது. யூதர் வீட்டில் பிளேக் என்ற பேச்சு நாட்டை ஆளும் கோமகன் காதுக்கு எட்டினால் என்ன ஆகும்? யூதர்கள் அத்தனை பேருக்கும் ஆபத்து. ஒரு குழந்தைக்காக ஊரில் உள்ள யூதக் குழந்தைகள் எல்லாம் தெருவில் நிற்க நேரிடலாம்.

கந்தல் உடையில் கண்மணி

கடைசியில் ஒரு முடிவு செய்தார்கள். குழந்தையையும் வேலைக்காரியையும் பிச்சைக்காரர்களைப் போல வேடம் போட்டு வெளியூர் அனுப்ப வேண்டும். ஹானோவருக்கு ஒரு மணி நேர நடைத் தூரத்தில் பைன்ஹோல்ஸ் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு குடியானவர் வீட்டில் தங்க வேண்டும். நாங்கள் ஏழைகள், பண்டிகைக்கு ஊரில் ஏழைகள் கூட்டம் அதிகமாகிவிட்டதால் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

அந்தப் போலந்துக் கிழவியும் ஒரு கிழவரும் துணைக்குப் போக வேண்டும். அவர்கள் சும்மா போக மறுத்தார்கள். 30 தாலர் பணத்தைக் கையில் வைத்தால்தான் புறப்படுவோம் என்றார்கள். பண்டிகை நாளில் யூதர்கள் பணத்தைத் தொடக் கூடாது. உறவினர்கள் கூடி ஆலோசித்தார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த விதியை மீறலாம் என்று முடிவாயிற்று. பணம் கைமாறியது.

பண்டிகை நாளில் பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பது யூதத் தகப்பனின் வழக்கம். அப்படிப்பட்ட நாளில், பெற்ற பிள்ளையைக் கந்தல் உடுத்தி வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று!

ஹயீம் ஒரு மூலையில் நின்று அழுது அழுது பிரார்த்தனை செய்தார். கிளிக்கெல் இன்னொரு மூலையில் நின்று அழுதார். ஒருவரை ஒருவர் தேற்ற அங்கே ஆள் இல்லை.

குழந்தைக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கந்தல் துணி அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. வேலைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து நடந்தாள். அவள் சிரிக்கச் சிரிக்கப் பெற்றவர்களின் அழுகை அதிகமாயிற்று.

புல்தரையில் சாப்பாடு

அந்த வீட்டில் பண்டிகை விருந்து துக்க வீட்டுச் சாப்பாடு போல ஆயிற்று.

கிராமத்துக்குச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. பெற்றவர்களும் அந்த வழியே போவார்கள். ஆனால் கிட்டே போகக் கூடாது. கொண்டுபோன சாப்பாட்டைப் புல்தரையில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். வேலைக்காரி வந்து எடுத்துக்கொள்வாள். தூரத்தில் குழந்தை நிற்பது தெரியும். கூப்பிட்டால் கேட்கும். ஆனால் தூக்க முடியாது. தொட முடியாது.

ஓடிப் போய்க் குழந்தையை வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தகப்பனார் துடித்தார். உறவினர்கள் விடவில்லை. கெஞ்சியும் தடுத்தும் நிறுத்தினார்கள்.

ஒரு மனிதருக்கு மட்டும் பயம் இல்லை. உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த இளைஞர் அவர். மிகாயேல் என்று பெயர். அவர் நேரே கிராமத்துக்குப் போனார். சிப்போரா வயலில் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை. நோயின் சுவடே இல்லை. வேலைக்காரிக்கும் கிழவருக்கும் கிழவிக்கும்கூட ஒன்றும் இல்லை.

வந்தது பிளேக் அல்ல. வெறும் புண்தான்!

கந்தல்களைக் களைந்துவிட்டுக் குழந்தையை ஊருக்கு அழைத்து வந்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த கொண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. விரட்டியவர்களே முந்திக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கினார்கள். ஆளுக்கு ஆள் முத்தம் கொடுத்தார்கள். பைன்ஹோல்ஸ் கன்னி என்று அவளுக்குச் செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் நெடுநாள் நிலைத்திருந்தது.

உறவினர்கள் மேல் கிளிக்கெலுக்குக் கோபம் இருந்ததா? அவர் எழுதியதைப் படித்தால் வேதனைதான் தெரிகிறது. பழி வாங்கும் எண்ணம் தெரியவில்லை. பயந்த தாய்மாரின் மனமும் அவருக்குப் புரிந்திருந்தது.

திரும்பி வராத குழந்தை

சிப்போரா திரும்பி வந்தாள். இன்னொரு மகள் திரும்பவில்லை.

மாத்தி என்ற பெண் குழந்தை அந்தக் கொள்ளை நோய்க் காலத்தில் கைக்குழந்தை. வளர வளர அழகும் அறிவும் பெருகின. அவள் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாம் மயங்கிப் போவார்கள். மூன்றாம் வயதில் திடீரென்று அவள் கையும் காலும் வீங்கின. வைத்தியர்கள் பலர் வந்தார்கள். மருந்துகள் பல கொடுத்தார்கள். நாலு வாரம் குழந்தை பட்ட பாடு கொஞ்சம் அல்ல. பிறகு கண்ணை மூடிவிட்டாள்.

தாயும் தகப்பனும் அழுத அழுகைக்கு அளவில்லை. துக்கத்தால் இருவரும் நோயில் விழுந்தார்கள். கிளிக்கெல் அப்போது மறுபடியும் கர்ப்பமாக இருந்தார். ஹன்னா என்ற பெண் குழந்தை பிறந்தபோது தாயின் உயிரே ஊசலாடியது.

கடவுள் கொடுத்ததைக் கடவுள் எடுத்துக்கொண்டார், அதற்கு மேல் அழுவது பாவம் என்று யூதப் பெரியவர்கள் சொல்வார்கள். கிளிக்கெல் பக்தி மிகுந்தவர். அளவுக்கு மீறி அழுதுவிட்டோமே, கடவுளுக்குக் குற்றம் செய்துவிட்டோமோ என்று பிறகு அவர் அஞ்சினார். அஞ்சினாரே தவிர, அழாமல் இருக்க அவரால் முடியவில்லை. பெற்ற வயிறு அல்லவா!

பழம் தேடிய தாய்

இன்னொரு பிரசவம். ஒரு நாள் கிளிக்கெல் தெருவில் போய்க்கொண்டிருந்தார். ஒரு பெண் மெட்லர் என்ற பழம் விற்றுக்கொண்டிருந்தாள். நன்றாகக் கனிந்து குழைந்த பிறகே தின்னக்கூடிய பழம் அது. மசக்கைக்காரிக்கு நாக்கில் நீர் ஊறியது. போன காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பும்போது வாங்கலாம் என்று நினைத்தார். வாங்க முடியாமல் போய்விட்டது.

அன்றிரவே ஆண் குழந்தை பிறந்தது. உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளிகள். பால் குடிக்கவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. குழந்தை பிழைக்காது என்று சுற்றி இருந்தவர்கள் முகம் சொல்லிற்று.

கிளிக்கெலுக்கு அந்தப் பழத்தின் நினைவு வந்தது. எப்படியாவது அந்தப் பழத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். மற்றவர்கள் அதை நம்பவில்லை. பழம் கிடைக்கும் பருவமும் போய்விட்டது. தாய் விடவில்லை. தேடி அலைந்து சில பழங்கள் கொண்டுவந்தார்கள். குழைந்த சதையைக் குழந்தையின் உதட்டில் வைத்தார்கள். குழந்தை வாயைத் திறந்து சப்பிற்று! அதன் பிறகு பாலும் குடித்தது. நாளடைவில் புள்ளிகளும் மறைந்தன. அந்தக் குழந்தைதான் ஜோசப்.

இதை இன்றைய வைத்தியர்கள் ஒப்பமாட்டார்கள். குழந்தைக்குப் பழத்தைக் கொடுப்பதும் தவறு என்பார்கள். ஆனால் எல்லோரும் கைவிட்ட குழந்தையைத் தாய் ஒருத்தி கைவிடவில்லை என்பதற்கு அந்தப் பழம் சாட்சி.

இளவரசர் கையில் சிறுவன்

காலம் ஓடியது. கந்தல் உடுத்திப் போன சிப்போராவுக்குக் கல்யாணம் வந்தது. 1674-ஆம் ஆண்டு கிளேவ் நகரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெரிய செல்வந்தர்கள். அரச குடும்பத்தோடு பழக்கம் உள்ளவர்கள். பிற்காலத்தில் பிரஷ்யாவின் முதல் மன்னரான பிரெடரிக், இளவரசராக அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். நாசோ இளவரசர் மாரிஸும் வந்திருந்தார்.

கிளிக்கெலின் மகன் மார்தகாய்க்கு அப்போது 5 வயது. புது உடையில் அவன் நின்ற அழகைக் கண்டு அரசவையினர் சூழ்ந்துகொண்டார்கள். இளவரசர் அவன் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

யூதன் என்றால் ஊருக்குள் நுழையச் சீட்டு கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் தன் மகன் கையை ஓர் இளவரசர் பிடித்து நிற்பதைக் கண்டாள் ஒரு யூதத் தாய். அந்தப் பெருமையைக் கிளிக்கெல் கடைசி வரை மறக்கவில்லை.

இடி விழுந்தது

1689-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஹயீம் ஒரு வியாபார விஷயமாக வெளியே போனார். வழியில் கால் இடறிக் கூரான கல்லின் மேல் விழுந்தார். பலத்த அடி. சில நாட்களில் உயிர் பிரிந்தது.

சொத்தைப் பார்த்துக்கொள்ள யாரை நியமிக்கிறீர்கள் என்று கடைசி நேரத்தில் அவரைக் கேட்டார்கள். அவர் யாரையும் நியமிக்கவில்லை. எல்லாம் என் மனைவிக்குத் தெரியும், இதுவரை செய்தது போலவே இனியும் செய்வாள் என்று சொல்லிவிட்டார்.

அந்த நம்பிக்கையைக் கிளிக்கெல் காப்பாற்றினார். கடன்காரர்களுக்குப் பாக்கி வைக்காமல் தீர்த்தார். முத்துகளை வாங்கித் தரம் பிரித்து விற்றார். காலுறை நெய்யும் தொழிற்சாலை வைத்தார். லைப்சிக் சந்தைக்கும் பிரன்ஸ்விக் சந்தைக்கும் குளிரிலும் வெயிலிலும் வண்டி ஏறிப் போனார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இடம் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார். ஒரு மகன் பெர்லினில் வியாபாரத்தில் ஏமாந்து கடனில் மூழ்கினான். தாய்தான் கைகொடுத்துத் தூக்கினார்.

பிறந்த 14 பிள்ளைகளில் 12 பேர் வளர்ந்து ஆளாயினர். தாய்மார் பிரசவத்திலும், குழந்தைகள் தொட்டிலிலும் மாண்ட அந்தக் காலத்தில் அது பெரிய பாக்கியம்.

மூன்று குஞ்சுகள்

இரவுகளில் எழுதிய கதையின் தொடக்கத்திலேயே அவர் தம் பிள்ளைகளுக்கு ஒரு பறவைக் கதை சொன்னார்.

கடற்கரையில் ஒரு தகப்பன் பறவை கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள். புயல் வந்தது. அலை கரை ஏறியது. உடனே அக்கரை போகாவிட்டால் எல்லோரும் சாக வேண்டியதுதான்.

பறவை முதல் குஞ்சைக் காலில் பற்றிக்கொண்டு பறந்தது. பாதிக் கடலில் அந்தக் குஞ்சைக் கேட்டது. உனக்காக நான் படும் பாட்டைப் பார்த்தாயா, நான் கிழவனானதும் என்னை இப்படிக் காப்பாற்றுவாயா என்றது. ஆகட்டும் அப்பா, நீங்கள் சொல்வதெல்லாம் செய்வேன் என்றது குஞ்சு. பொய்க்காரனுக்கு இதுதான் கதி என்று பறவை அதைக் கடலில் விட்டுவிட்டது. இரண்டாவது குஞ்சும் அதே பதிலைச் சொன்னது. அதற்கும் அதே கதி.

மூன்றாவது குஞ்சு யோசித்துப் பதில் சொன்னது. அப்பா, உங்களுக்கு அப்படிச் செய்வேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எனக்குக் குஞ்சுகள் பிறக்கும்போது நீங்கள் எனக்குச் செய்ததை நான் அவைகளுக்குச் செய்வேன் என்றது. பறவை மனம் குளிர்ந்தது. அந்தக் குஞ்சைப் பத்திரமாக அக்கரையில் சேர்த்தது.

கொடுமையான கதைதான். இரண்டு குஞ்சுகளைக் கடலில் விடும் தகப்பனை யாரும் மெச்ச மாட்டார்கள். ஆனால் கிளிக்கெல் அந்தக் கதையை எதற்குச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். பெற்றவர்கள் பிள்ளைகளுக்காகப் படும் பாட்டில் பாதியைக்கூடப் பிள்ளைகள் பெற்றவர்களுக்காகப் படமாட்டார்கள். அது குற்றம் அல்ல, அது உலக இயற்கை. அன்பு என்னும் கடனைப் பெற்றவரிடம் திருப்பித் தர முடியாது. தம் பிள்ளைகளிடம்தான் அதைக் கட்ட வேண்டும். இதைத்தான் அவர் தம் பிள்ளைகளுக்கு உணர்த்தினார்.

எனவே பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பது அவர் உறுதி.

கவிழ்ந்த கப்பல்

அந்த உறுதியே அவரை ஒரு துன்பத்தில் தள்ளியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் மறுமணம் வேண்டாம் என்று இருந்தவர், 1700-ஆம் ஆண்டில் அதற்கு இசைந்தார். வயது ஏறிவிட்டது. வியாபாரத்தில் அலைய முடியவில்லை. ஒருவேளை நஷ்டம் வந்தால் பிள்ளைகள் தலையில் விழுவோமே என்ற பயம். பிரான்ஸ் நாட்டு எல்லையில் இருந்த மெட்ஸ் நகரில் ஹிர்ஷ் லெவி என்ற பெரும் பணக்காரர் அவரை மணந்தார்.

இரண்டே ஆண்டுகளில் அவர் திவாலானார். கிளிக்கெல் கொண்டுபோன பணமும் அதோடு போயிற்று. 1712-ஆம் ஆண்டில் அந்தக் கணவரும் இறந்தார். யாருக்கும் பாரமாகக் கூடாது என்று எண்ணியவர், கையில் ஒன்றும் இல்லாமல் தனியே நின்றார்.

மகள் எஸ்தரும் மருமகனும் அதே மெட்ஸ் நகரில் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று வற்புறுத்தினார்கள். கிளிக்கெல் நெடுநாள் மறுத்தார். முடிவில் வேறு வழி இல்லாமல் போனார்.

மகள் வீட்டில் என்ன நடந்தது? பாரம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. சட்டியில் உள்ள நல்ல பங்கு தாய்க்குத்தான். ஜெப ஆலயத்திலிருந்து அவர் வர நேரமானால், ருசியான பண்டங்களைத் தனியே எடுத்து மூடி வைத்துக் காத்திருப்பாள் மகள். இதையெல்லாம் கிளிக்கெல் மனம் நெகிழ்ந்து எழுதி வைத்தார். பெற்றவரை எந்தப் பிள்ளை காப்பாற்றும் என்று பறவைக் கதை சொன்னவருக்கு, மகளின் சமையலறையே பதில் சொல்லிவிட்டது.

மகன் எழுதிய பிரதி

1691-ல் தொடங்கிய கதையைக் கிளிக்கெல் விட்டு விட்டு எழுதினார். 1719 வரை எழுதினார். மொத்தம் ஏழு பகுதிகள். வீட்டில் பேசும் இத்திஷ் மொழியிலேயே எழுதினார். 1724-ஆம் ஆண்டு மெட்ஸ் நகரில் காலமானார்.

அவர் கைப்பட எழுதிய ஏடு இன்று இல்லை. ஆனால் அவருடைய மகன் மோசே, மதகுருவாக இருந்தவர், தாயின் எழுத்தைத் தம் கையால் பிரதி எடுத்து வைத்திருந்தார். அந்தப் பிரதி பிள்ளைகளிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்குப் போனது. 1896-ஆம் ஆண்டு டேவிட் காஃப்மன் என்ற அறிஞர் அதை அச்சிட்டார். 1910-ல் அந்த வமிசத்தோடு உறவுள்ள பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற பெண்மணி அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். பிறகு பல மொழிகளில் வந்தது.

தாய் தூங்காமல் எழுதியதை மகன் அமர்ந்து வரி வரியாகப் பிரதி எடுத்தார். அதைத் தாய்க்குத் திருப்பித் தரவில்லை. தம் பின்னால் வருபவர்களுக்குக் கொடுத்தார். மூன்றாவது குஞ்சு கொடுத்த வாக்கும் அதுதானே!